ட்ராய் மேக்ஸனை எப்படிப் பேசறது? ('ஃபென்சஸ்' வாசிப்பு, உதவி தேவை)

கோவை_ஸ்டோர்கீப்பர்:

வணக்கமுங்க. நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில ஸ்டோர்ஸ் பாக்கறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நாடகக்காரன். எங்க குழுவுல இந்தத் தடவை ஆகஸ்ட் வில்சனோட 'ஃபென்சஸ்' ('வேலிகள்') நாடகத்தை எடுத்திருக்கோம். மேடையேத்தலைங்க, வாசிப்பு மட்டும்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்கிரிப்டைக் கையில வச்சுகிட்டு, தெரிஞ்சவங்களை மட்டும் கூப்பிட்டு நடத்தறது. ட்ராய் மேக்ஸன் எனக்கு வந்திருக்கு.

படிக்காதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். 1957, பிட்ஸ்பர்க் நகரம். ட்ராய்க்கு 53 வயசு, கறுப்பினத்தவர், குப்பை லாரிக்குப் பின்னால தொத்திகிட்டுப் போயி குப்பை அள்ளற வேலை. ஒரு காலத்துல கறுப்பர்களுக்குன்னு தனியா இருந்த பேஸ்பால் லீக்ல பெரிய அடி அடிச்ச ஆளு. வெள்ளைக்காரங்க லீக் கதவைத் திறந்தப்போ இவருக்கு நேரம் கடந்து போச்சு. இப்ப மகன் கோரியை அமெரிக்கக் கால்பந்து விளையாட ஒரு காலேஜ் கூப்பிடுது, படிப்புச் செலவு அவங்களோடது. அப்பன் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். அதோட நிக்காம, பையன் இனிமேல் விளையாட மாட்டான்னு பள்ளிக்கூடத்துக் கோச்கிட்டயே போய்ச் சொல்லிடறார்.

என் சிக்கல் இதுதான். எங்க டைரக்டர் சொல்றார், "இது பொறாமை. மகன் தன்னைத் தாண்டிடுவான்னு பயம். அந்தப் பொறாமை குரல்ல தெரியணும்"னு. எனக்கு அப்படித் தோணலைங்க. தான் பட்ட அடி மகனுக்கு விழக்கூடாதுன்னு நினைக்கிற மாதிரிதான் இருக்கு. இந்த ரெண்டுல எதைப் புடிச்சுக்கறது?

அப்புறம் அந்தப் பேர்பெற்ற இடம். கோரி கேக்கறான், "உங்களுக்கு ஏன் என்னை எப்பவுமே புடிக்கலை?" அதுக்கு ட்ராய் ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்றார். டைரக்டர் உச்சக் குரல்ல கத்தச் சொல்றார். கத்திப் பாத்தேன். பக்கத்து டியூஷன் சென்டர்ல இருந்து ஆள் அனுப்பிட்டாங்க, அது வேற கதை. ஆனா கத்தினா அந்தப் பேச்சுல என்னமோ கொட்டிப் போயிடுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

பழைய_விங்ஸ்:

தம்பி, நான் மேடையில் நின்றதை விட விங்ஸில் நின்றதுதான் அதிகம். லைட் போட்டிருக்கிறேன், பிராம்ப்ட் செய்திருக்கிறேன். அப்பா வேஷங்களை ஓரத்திலிருந்து நிறையப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பொறாமையா, பாதுகாப்பா என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ட்ராய்க்கே அது தெரியாது. ஆசிரியர் எழுதியிருக்கும் வருஷக் கணக்கைப் பாருங்கள், அங்கேதான் பாத்திரம் இருக்கிறது. வெள்ளையர் லீக் கதவு திறந்தபோது உள்ளே போன கறுப்பு ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன், புரூக்ளின் அணிக்காக முதன்முதலில் இறங்கியது 1947 ஏப்ரல். அப்போது ராபின்சனுக்கு வயது 28. நாடகத்தின் கணக்குப்படி ட்ராய்க்கு 43. பேஸ்பாலில் 43 என்பது மூட்டை கட்டிவிட்ட வயது. அதற்கு மேல் இன்னொன்று: ட்ராய் பேஸ்பால் கற்றுக்கொண்டதே சிறைக்குள்ளே. திருடப் போன இடத்தில் ஓர் ஆளைக் கொன்றுவிட்டுப் பதினைந்து வருஷம் உள்ளே இருந்தவர். வெளியே வந்து ஆட ஆரம்பித்தபோதே இளமை பாதி போயாகிவிட்டது. ஆக, அவரைத் தடுத்தது நிறமா, வயதா, அவர் கையே செய்த காரியமா? மூன்றும்தான். ட்ராய் ஒன்றை மட்டும்தான் ஒப்புக்கொள்வார். மனைவி ரோஸ் "உனக்கு வயதாகிவிட்டிருந்தது என்று ஒருதரமாவது ஒத்துக்கொள்ளேன்" என்று கேட்கும்போது மனிதர் எப்படிச் சீறுகிறார் பாருங்கள். மகன் கேட்ட கேள்விக்கு வராத கோபம் அங்கே வருகிறது. உங்கள் உச்சக் குரலை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ரோஸ் சொல்வதும் முழுக்கச் சரி என்று எடுத்துக்கொண்டு நடிக்காதீர்கள். 1948-இல் கறுப்பர் லீக் ஆட்டக்காரர் சாட்சல் பேஜ் 42 வயதில் வெள்ளையர் லீக்கின் கிளீவ்லாந்து அணிக்குள் போனார். அவர் பந்து வீசுகிறவர், அது வேறு என்று சொல்லலாம். இருந்தாலும் ட்ராய் மாதிரி ஓர் ஆள் ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போது அந்த 42 உறுத்துமா இல்லையா? பேஜ் பந்தில் ஏழு ஹோம் ரன் (பந்தை மைதானத்தைத் தாண்டி அடிப்பது) அடித்தேன் என்று பீற்றிக்கொள்கிறவர் அவர்.

இப்போது அந்தப் பேச்சு. அது பதில் இல்லை, தம்பி. எதிர்க் கேள்வி. தினமும் சாப்பிடுகிறாயா? தலைக்கு மேல் கூரை இருக்கிறதா? உடம்பில் துணி இருக்கிறதா? ஏன் இருக்கிறது என்று நினைக்கிறாய்? பிடித்திருக்கிறது என்பதாலா? ஒவ்வொன்றுக்கும் பையன் "ஆமாங்க ஐயா" என்று சொல்லியாக வேண்டும், சொல்லும்வரை விடுவதில்லை. நீங்கள் ஸ்டோர்ஸ் பார்ப்பதாகச் சொன்னீர்களே, உங்களுக்கு இது வரவேண்டுமே! ஸ்டாக் சரிபார்க்கிற குரலில் போங்கள். கத்துகிறவன் பதிலை எதிர்பார்க்க மாட்டான். இவர் ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருக்கிறார், பயங்கரம் அதில்தான்.

---

மீனா_பிட்ஸ்பர்க்:

நான் இருக்கறது இதே ஊர்லதான், அதனால ரெண்டு விஷயம் சேர்க்கறேன்.

வில்சன் பொறந்து வளர்ந்த வீடு பிட்ஸ்பர்க்ல கறுப்பர்கள் அதிகமா வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில, 1727 பெட்ஃபோர்ட் அவென்யூ. ரொம்ப நாள் பாழடைஞ்சு கிடந்தது. 2022ல சரிபண்ணி கலை மையமாத் திறந்தாங்க. போய்ப் பாத்தேன். செங்கல் கட்டடம், பின்னாடி முற்றம். அவரோட பத்து நாடகத் தொடர்ல ஒன்பது இந்தப் பகுதியிலதான் நடக்குது. 'ஃபென்சஸ்' முழுசும் ஒரு வீட்டு முற்றத்துலயே நடக்குதுன்னு படிச்சப்போ தெரிஞ்சதுதான், ஆனா அந்த முற்றம் எவ்வளவு சின்னதுன்னு அங்க நின்னப்போதான் புரிஞ்சுது. அப்பனும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் உரசாம படியேற முடியாது.

ஒண்ணு நாடகத்துல வராது, ஆனா தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது. 1956ல இருந்து ஹில்லோட கீழ்ப்பகுதியை நகர நிர்வாகம் இடிக்க ஆரம்பிச்சுது. 95 ஏக்கர். எட்டாயிரம் பேருக்கு மேல வீட்டைக் காலி பண்ணினாங்க. அந்த இடத்துல பெரிய அரங்கம் ஒண்ணு கட்டி 1961ல திறந்தாங்க. அதாவது ட்ராய் மரத்தை அறுத்து வேலி கட்டிக்கிட்டிருக்கற அதே வருஷம், அதே ஹில்லோட இன்னொரு பக்கத்துல வீடுகள் இடிஞ்சுக்கிட்டிருக்கு. "இது என் வீடு, என் முற்றம்"னு அந்த ஆள் திரும்பத் திரும்ப அடிச்சுச் சொல்றது வெறும் ஆணவமா எனக்குப் படலை.

அப்புறம் ஜாஷ் கிப்சன். ட்ராய் அவர் பேரைச் சொல்லுவாரு, அவர் மக கிழிஞ்ச செருப்போட போறதைப் பாத்தேன்னு. கிப்சன் நிஜ ஆளு, இந்த ஊர் அணிகள்லதான் ஆடினார். 1947 ஜனவரியில 35 வயசுல செத்துப்போனார். ராபின்சன் இறங்கறதுக்கு மூணே மாசம் முன்னாடி. 2024ல அந்தக் கறுப்பர் லீக் கணக்கையெல்லாம் மேஜர் லீக் (அதான் அந்த வெள்ளைக்காரங்க லீக்) கணக்கோட சேர்த்தாங்க. சேர்த்ததும் வாழ்நாள் பேட்டிங் சராசரியில டை காப்ங்கற பழைய வெள்ளைக்கார ஆட்டக்காரரைத் தாண்டி கிப்சன் முதலிடத்துக்கு வந்துட்டார். செத்து 77 வருஷம் கழிச்சு! ட்ராய் "என் சராசரி 0.432, 37 ஹோம் ரன்"னு சொல்றப்போ அதுக்கு அவர் வாயைத் தவிர வேற சாட்சி இல்லை. அவர் ஏன் அவ்வளவு பேசறார்னு யோசிச்சா இது ஞாபகம் வரும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. தயவுசெஞ்சு முகத்துல கறுப்பு பூசிக்காதீங்க. வாசிப்புல அதுக்கு அவசியமே இல்லை. வில்சன் இந்த விஷயத்துல கறாரான ஆளு. 1996ல நாடகக்காரங்க மாநாட்டுல பேசினப்போ, நிறத்தைக் கண்டுக்காம யாரும் எந்த வேஷமும் போடலாம்ங்கறதை வெளிப்படையா எதிர்த்தார். உங்க குழு அவர் நாடகத்தை எடுக்கறதே சரியான்னு கேக்கற ஆளும் வருவாங்க. உங்களுக்குள்ள வாசிச்சுப் புரிஞ்சுக்கறதுல தப்பில்லைங்கறது என் கட்சி. டிக்கெட் போட்டு நடத்தறதா இருந்தா உரிமை வாங்கணும், அதை மறக்காதீங்க.

---

தஞ்சை_ரசிகன்:

நம்ம 'வியட்நாம் வீடு' பிரஸ்டீஜ் பத்மநாபன்தானே இவரு? அதே வறட்டு கௌரவம், அதே வீட்டுச் சண்டை. சிவாஜி பாணியில போட்டுத் தாக்குங்க ப்ரோ.

---

பழைய_விங்ஸ்:

@தஞ்சை_ரசிகன், வேண்டாம். பத்மநாபனுக்கு நாற்காலி கொடுத்துவிட்டுப் பிறகு ஓய்வு என்று பிடுங்கினார்கள். ட்ராய்க்கு நாற்காலியே போடவில்லை. இரண்டு பேரின் முதுகும் ஒரே மாதிரி நிமிர்ந்திருக்காது.

---

செல்வி_திருச்சி:

எல்லாரும் ட்ராயைத் தூக்கி மடியில வச்சுத் தாலாட்டறீங்க. கொஞ்சம் கீழ இறக்கி விடுங்க.

"என் வீடு, என் முற்றம்"... மீனாக்கா, அந்த வீடு யார் காசுல வாங்கினது? தம்பி கேப்ரியல் போர்ல அடிபட்டு, மண்டையில உலோகத் தகடு வச்சு, புத்தி பேதலிச்சு வந்தான். அதுக்கு ராணுவம் குடுத்த மூவாயிரம் டாலர். அதை எடுத்துத்தான் அண்ணன் வீடு வாங்கினார். ட்ராய் அதை ரோஸ்கிட்ட அவர் வாயாலயே சொல்றார், தம்பி தலையில அந்தத் தகடு இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காதுன்னு. வெட்கப்படறார், மறுக்கலை. ஆனா அப்புறம் என்ன பண்றார்? ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்கறார், தம்பியை ஆஸ்பத்திரியில அடைச்சுடறாங்க. தம்பிக்கு வர்ற பணத்துல பாதி ஆஸ்பத்திரிக்கு, பாதி ட்ராய்க்கு. படிக்கத் தெரியாததால என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியலைன்னு ஒரு சமாதானம். நம்பலாம், நம்பாமலும் போகலாம். நான் நம்பலை.

ஸ்டோர்கீப்பர் அண்ணா, உங்க கேள்விக்கு வர்றேன். கடைசிச் சண்டை ஞாபகம் இருக்கா? ட்ராய் படியில உட்கார்ந்து வழியை மறிக்கறார், கோரி தாண்டிப் போகப் பாக்கறான். வாக்குவாதம் முத்துது. "இது உங்க முற்றமே இல்லை, சித்தப்பா காசுல வாங்கி அவரையே துரத்திட்டீங்க"ன்னு மகன் சொல்றான். அதுக்கப்புறம்தான் கைகலப்பு, பேஸ்பால் மட்டை எல்லாம். இந்த ஒரு வரிக்கு ட்ராய்கிட்ட பதில் இல்லை. கூரை, சோறு, துணின்னு மகன்கிட்ட அன்னிக்கு எண்ணிக் காட்டினாரே, அதுல அந்தக் கூரையே தம்பி பணம். நீங்க அந்தக் கணக்குப் பேச்சைப் பேசறப்பவே இது அடியில தெரியணும். "கூரை"ங்கற இடத்துல ஒரு நொடி தயங்கிப் பாருங்களேன்.

அடுத்து ரோஸ். ஆல்பர்ட்டாவோட தொடர்பு இருக்கு, அவ உண்டாகியிருக்கான்னு ட்ராய் கட்டினவகிட்ட வந்து சொல்றப்போ, அந்தப் பேச்சை பேஸ்பால் ஆட்டமா மாத்தி அலங்காரம் பண்றார் பாருங்க, முதல் பேஸ்ல பதினெட்டு வருஷம் நின்னேன், இரண்டாவதைத் திருட (அதாவது சந்து பாத்து ஓடிப் புடிக்க) ஆசை வந்துச்சுன்னு. எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. நீ நின்ன இடத்துல நானும்தானே நின்னேன், எனக்கு ஆசை கனவு எதுவும் இல்லைன்னா நீ நினைச்சே?ன்னு ரோஸ் கேக்கறது நாடகத்தோட முதுகெலும்பு. வயலா டேவிஸ் 2010 மேடைக்கு டோனி, 2016 படத்துக்கு ஆஸ்கர் ரெண்டும் வாங்கினது இந்த வேஷத்துக்குத்தான். உங்க ரோஸ் யாரோ, தயவுசெஞ்சு அவங்களை அங்க அழ வைக்காதீங்க. அழுகை தானா வந்தா வரட்டும். டைரக்டர் கேட்டு வரக்கூடாது.

ஆல்பர்ட்டா பிரசவத்துல செத்ததும் அந்தக் கைக்குழந்தையைத் தூக்கிகிட்டு ட்ராய் வந்து நிக்கறார். ரோஸ் குழந்தையை வாங்கிக்கறா. இதுக்கு இனிமே ஒரு அம்மா உண்டு, உனக்குத்தான் பொண்டாட்டி கிடையாதுன்னு சொல்லிட்டு உள்ள போறா. அந்த இடத்துல நீங்க, அதாவது ட்ராய், ஒண்ணும் பண்ணக்கூடாது. சும்மா நில்லுங்க. வாசிப்புன்னா சும்மா உட்காருங்க. ஸ்கிரிப்டைக்கூடப் புரட்டாதீங்க.

---

பழைய_விங்ஸ்:

செல்வி சொன்னதில் "கூரை" என்ற இடத்தில் தயங்குவது பற்றி: நல்ல யோசனை, ஆனால் செய்யாதீர்கள் என்பேன். ட்ராய்க்கு மகன் முன்னால் தயக்கம் வராது. தயங்கினால் மகன் பார்த்துவிடுவானே. மனைவியிடம் ஒப்புக்கொள்ளும் இடம் ஆசிரியர் தனியாகக் கொடுத்திருக்கிறார், அங்கே முழுசாகக் கொடுங்கள். கேட்கிறவர்கள் பின்னால் தாங்களே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். மற்றபடி அந்தப் பெண் சொன்ன ஒவ்வொன்றும் சரி, குறிப்பாகச் சும்மா உட்காருவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ட்ராய் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும் கதை. பருத்திக் காட்டில் பாடுபட்ட ஆள், பதினோரு பிள்ளைகள், மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள். பதினாலு வயதில் ட்ராய் அவரிடம் அடிபட்டு, திருப்பி அடித்து, கண் வீங்கிக் கிடந்து, எழுந்து இருநூறு மைல் நடந்து போனவர். "ஆனாலும் அந்த ஆள் எங்களை விட்டு ஓடவில்லை" என்று அவரைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்கிறார். ஓடாமல் இருப்பதுதான் அப்பன் வேலை என்று அங்கே படித்துக்கொண்டு வந்திருக்கிறார். இவரும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை சம்பளம் 76 டாலர் 42 சென்ட், அப்படியே ரோஸ் கையில் கொடுத்துவிடுகிறார். தன் கடன் தீர்ந்தது என்று நம்புகிறார். கடனைத் தீர்த்துவிட்டவனை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதுதான் இவருடைய கர்வம். பேஸ்பால் அப்புறம்தான்.

அதனால்தான் லாரி டிரைவர் சமாச்சாரத்தையும் சும்மா தாண்டிவிடாதீர்கள். வெள்ளைக்காரன் ஓட்டுகிறான், கறுப்பன் தூக்குகிறான், ஏன் என்று கேட்டு மேலிடம் வரை போய்ச் சண்டை போட்டு டிரைவர் ஆகிறார். லைசென்ஸும் கிடையாது! அரங்கம் சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனால் பிற்பாடு கூட வேலை பார்த்த நண்பன் போனோவிடம் அவரே சொல்வார், வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள், பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று. பின்னால் தொத்திக்கொண்டு நண்பனோடு கதையடித்த இடத்திலிருந்து முன்னால் தனியாக உட்காரும் இடத்துக்கு வந்துவிட்டார். கேட்டது கிடைத்த பிறகு அவர் பேச்சு குறைந்துகொண்டே போகிறது என்பதைக் கவனித்துப் படியுங்கள். முதல் காட்சியில் ஜின் பாட்டிலோடு எமனையே மல்லுக்குக் கூப்பிட்டுக் கதை அளக்கிற வாய் அது.

---

கோவை_ஸ்டோர்கீப்பர்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நேத்து ரிகர்சல்ல கத்தாம பேசிப் பாத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பையன் பதில் சொல்ற வரைக்கும் அவன் மூஞ்சியையே பாத்துகிட்டு இருந்தேன். கோரியா வாசிக்கற தம்பி காலேஜ் ரெண்டாவது வருஷம். மூணாவது "ஆமாங்க ஐயா"வுல அவன் குரல் உடைஞ்சுருச்சு. டைரக்டர் ஒண்ணும் சொல்லலை. டீ குடிக்கப் போயிட்டு வந்து, "சரி, அப்படியே வச்சுக்க"ன்னார். ஆனா பொறாமைங்கறதை மட்டும் அவர் இன்னும் விடலைங்க. வயசுக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "43 வயசுல எனக்கும்தான் முதுகு வலி வந்துச்சு, அதுக்காக மகன் வாழ்க்கையில மண்ணைப் போட்டனா?"ங்கறார். அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை.

செல்வி அக்கா, ரோஸா வாசிக்கறவங்க பேங்க்ல வேலை பாக்கறாங்க. நீங்க எழுதினதை அப்படியே காட்டினேன். "அழ மாட்டேன்னு சொல்லு"ன்னாங்க. பதினெட்டு வருஷப் பேச்சை அவங்க பேசி முடிச்சதும் எனக்கு அடுத்த வரி எங்க இருக்குன்னே தெரியலை, பிராம்ப்ட் பண்ண வேண்டியதாப் போச்சு.

மட்டைச் சண்டையை வாசிப்புல எப்படிப் பண்றது? மட்டை வாங்கணுமா?

---

பழைய_விங்ஸ்:

வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மட்டையைத் தூக்கினால் கேலிக்கூத்தாகிவிடும். மேடைக் குறிப்புகளை வாசிக்க ஒரு தனி ஆள் போடுங்கள், உணர்ச்சியில்லாத குரல் உள்ளவராக. மகன் மட்டையை ஓங்குகிறான், வீசுகிறான், தவறுகிறது, அப்பன் மட்டையைப் பிடுங்கி ஓங்கி, தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறான். இதையெல்லாம் அவர் வாசிக்கட்டும், நீங்கள் இருவரும் எழுந்து நின்றால் போதும். கடைசியில் கேப்ரியல் ஊதும் எக்காளமும் அப்படித்தான். அதில் சத்தம் வராது என்று நாடகத்திலேயே இருக்கிறது, அதனால் பக்கத்தில் யாரும் மொபைலில் எக்காளச் சத்தம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன், வேறு நாடகத்தில்.

---

செல்வி_திருச்சி:

டைரக்டர் கேட்ட கேள்விக்கு ஒரு வழி. அவரை ராய்னெல், அதான் ரோஸ் வாங்கி வளர்த்த அந்தக் குழந்தை, வர்ற கடைசிக் காட்சியை முதல்ல வாசிக்கச் சொல்லுங்க. 1965, ட்ராய் செத்தாச்சு. ராணுவ உடுப்புல வந்த கோரி அப்பன் சாவுக்கு வரமாட்டேன்னு நிக்கறான். ரோஸ் அவனை ஒரு பிடி பிடிக்கறா. அப்புறம் அண்ணனும் தங்கச்சியும் ட்ராய் பாடிக்கிட்டிருந்த அந்த நாய்ப் பாட்டைச் சேர்ந்து பாடறாங்க. பொறாமைக்காரன்னு மட்டும் இருந்திருந்தா அந்தப் பாட்டு கோரி வாயில வந்திருக்குமான்னு கேளுங்க.

---

கோவை_ஸ்டோர்கீப்பர்:

கேக்கறேங்க. ஆனா அங்கதான் இன்னொரு தலைவலி. ராய்னெல்லுக்கு ஏழு வயசுப் பொண்ணு வேணும், பாடத் தெரியணும், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் தூங்காம உட்காரணும். குழுவுல இருக்கற எல்லார் வீட்டுலயும் பசங்கதான். காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் பக்கம் யாருக்காவது தெரிஞ்ச பாப்பா இருந்தாச் சொல்லுங்க. அப்பா அம்மாவும் கூட வந்து உட்காரட்டும், டீ, பஜ்ஜி எங்க செலவு.